ஸ்டிங் பாடிய இரவும் பதினைந்து பேரும்

2019 நவம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அழைத்தவர் நிக்கொலாய் தாங்கென். லண்டனில் ஏகேஓ கபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் பணக்காரரான நோர்வேக்காரர். தான் படித்த வார்ட்டன் வணிகக் கல்லூரிக்கே நண்பர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து, சில நாட்கள் அவர்களைத் திரும்பவும் மாணவர்களாக்கினார். பகலில் விரிவுரைகள், இரவில் விருந்து. ஓர் இரவு ஸ்டிங் வந்து அவர்களுக்காக மட்டும் பாடினார். (ஸ்டிங் யார் என்று அப்பா அம்மாவைக் கேட்டுப் பயனில்லை, அவர்கள் காலத்தில் வீட்டில் ஓடியது இளையராஜா. யூடியூபில் தேடுங்கள்.)

செலவு முழுவதும் தாங்கெனுடையது. அரசியல், வியாபாரம், கலை என்று பல துறைகளிலிருந்தும் நோர்வேயின் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இங்வெ ஸ்லிங்ஸ்டாட். 2008 முதல் எண்ணெய் நிதியத்தின் தலைவர், நாங்கள் வீட்டில் 'ஒல்யெஃபொன்தெ' என்று சொல்லும் அதே நிதியம்தான். பதவியிலிருந்து விலகப் போவதாக அவர் ஒக்டோபரில்தான் அறிவித்திருந்தார். கருத்தரங்கு முடிந்ததும் தாங்கென் வாடகைக்கு எடுத்த தனி விமானத்தில் அவர் நோர்வே திரும்பினார்.

நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச் 26 அன்று, எண்ணெய் நிதியத்தின் அடுத்த தலைவர் யார் என்று நோர்வே மத்திய வங்கி அறிவித்தது. நிக்கொலாய் தாங்கென்.

கொரோனா வந்து நாடு பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. ஏப்ரலில் வேகே பத்திரிகை விருந்தையும் விமானத்தையும் பற்றி எழுதியது. ஸ்லிங்ஸ்டாட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், அந்த விமானத்தில் தான் ஏறியிருக்கக் கூடாது என்றார். இத்தோடு செய்தி அடங்கிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஓகஸ்ட் கடைசி வரை அது அடங்கவில்லை. ஏன் அடங்கவில்லை என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில், இது யாருடைய பணம்? 1990இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது, 1996இல் முதல் தொகை போடப்பட்டது. வடகடல் எண்ணெயில் அரசுக்கு வரும் வருமானம் வெளிநாட்டுப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் கட்டிடங்களிலும் முதலிடப்படுகிறது. 2019 ஒக்டோபரில், அதாவது விருந்துக்கு முந்திய மாதம், நிதியம் முதன்முறையாக 10,000 மில்லியார்ட் குரோனரைத் தொட்டது. நாட்டின் சனத்தொகையால் வகுத்தால் தலைக்குக் கிட்டத்தட்ட 1.9 மில்லியன். குரூருடாலனில் வளர்ந்த உங்களுக்கும் அதில் ஒரு பங்கு, ஹோல்மென்கொல்லனில் வளர்ந்தவருக்கும் அதே பங்கு. கையில் எடுத்துச் செலவழிக்க முடியாது, அவ்வளவுதான்.

இனி விமானத்துக்கு வருவோம். ஒரு பணக்காரர் தன் சொந்தக் காசில் விருந்து வைத்தார். யாருடைய சட்டைப்பையிலிருந்தும் ஒரு குரோனரும் போகவில்லை. இதில் என்ன பிழை? அன்று முகநூலில் நிறையப் பேர் இப்படித்தான் கேட்டார்கள், சும்மா பொறாமை என்றும் எழுதினார்கள்.

எங்கள் சமூகத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரிய வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒஸ்லோவில் ஒரு சாமத்தியவீடோ கல்யாணவீடோ முடிந்த அடுத்த நாள் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் கடித உறைகள் குவிந்திருக்கும். அம்மா பிரிப்பார், அப்பா கொப்பியில் பெயரையும் தொகையையும் எழுதுவார். ஐந்து வருடம் கழித்து அந்த வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் கொப்பி வெளியே வரும். இதைக் கேலி செய்யும் என் வயதுக்காரர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கிய ஒரு தலைமுறைக்கு அந்தக் கொப்பிதான் காப்புறுதி. கொடுத்ததை மறக்காமல் இருப்பதால்தான் அடுத்தவர் கொடுக்கத் துணிகிறார்.

அதே குணம் ஒரு பதவியில் இருப்பவரிடம் வந்தால்தான் சிக்கல். அப்பா திருப்பிக் கொடுக்கும்போது தன் பணத்தைக் கொடுக்கிறார். எண்ணெய் நிதியத்தின் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கத் தன்னுடையது என்று இருப்பது கொஞ்சம், பிறருடையது என்று அன்று இருந்தது 10,000 மில்லியார்ட். அவர் திருப்பிக் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை, யாரும் நிரூபிக்கவுமில்லை. அடுத்த தலைவரைத் தெரிவு செய்வது அவருடைய வேலையும் அல்ல. ஆனால் உப்பைச் சாப்பிட்ட மனிதர் நன்றி மறக்க மாட்டார் என்ற எங்கள் நம்பிக்கை உண்மையானால், சாப்பிடாமல் இருப்பது ஒன்றுதான் அவருக்குப் பாதுகாப்பு. நோர்வேயில் அரச ஊழியர்களுக்கான சட்டம் வேலையைப் பாதிக்கக்கூடிய பரிசுகளைத் தடுப்பதும் இதனால்தான். நான் ஆலோசகராகப் போகும் இடங்களில் கோப்பி வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்கள், இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது அவமரியாதையாகத் தெரிந்தது.

வீட்டில் ஊர்ச் செய்தி பார்ப்பவர்களிடம் 'பிணைமுறி' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். 2015 பெப்ரவரி 27 அன்று இலங்கை மத்திய வங்கி நடத்திய பிணைமுறி ஏலம் பெரிய விவகாரமானது. அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரன். ஏலத்தில் பெருமளவு பெற்ற நிறுவனம் அவருடைய மருமகன் அர்ஜுன் அலோசியஸுடன் தொடர்புடையது. 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. முன்பு நிதியமைச்சராக இருந்த ரவி கருணாநாயக்கவின் குடும்பம் குடியிருந்த கொழும்பு ஆடம்பர மாடிவீட்டின் வாடகையை அலோசியஸுடன் தொடர்புடைய நிறுவனம் ஒன்று கட்டியதாக அங்கே சாட்சியம் சொல்லப்பட்டது. யார் கட்டினார்கள் என்பது தனக்குத் தெரியாது என்றார் அவர். அந்த ஓகஸ்டில் வெளிநாட்டு அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

பிலடெல்பியா விருந்தும் கொழும்பு மாடிவீடும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஆனால் 'இதெல்லாம் அங்கேதான், நோர்வேயில் நடக்காது' என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும்போது நான் இப்போதெல்லாம் தலையாட்டுவதில்லை. இங்கேயும் மனிதர்கள்தான். வித்தியாசம், கேட்க வேண்டியவர் கேட்டாரா என்பதில் இருக்கிறது.

கேட்க வேண்டியவர் யார்? ஒரு நிறுவனத்தில் தலைவரை, அதாவது பிரதம நிறைவேற்று அதிகாரியை, நியமிப்பதும் சம்பளம் நிர்ணயிப்பதும் நீக்குவதும் பணிப்பாளர் சபையின் வேலை. நோர்வேஜிய மொழியில் 'ஸ்டீரெ'. பங்குதாரர்கள் சபையைத் தெரிவு செய்கிறார்கள், சபை தலைவரைக் கண்காணிக்கிறது. இங்கே ஒரு நல்ல வழக்கமும் உண்டு: 1970களின் தொடக்கத்திலிருந்து தொழிலாளர்களுக்கும் சபையில் ஆள் அனுப்பும் உரிமை இருக்கிறது. இன்று 30 பேருக்கு மேல் வேலை செய்யும் கொம்பனியில் ஊழியர்கள் அதைக் கேட்கலாம். வேலைக்குச் சேரப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆட்கள் இந்த இடங்களுக்குப் போட்டியிடுவது குறைவு.

சபை கேட்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு 2007இன் ஹைட்ரோ கதை இருக்கிறது. உங்களில் பலர் அப்போது பாலர் பாடசாலை, சிலர் பிறக்கவேயில்லை. நோர்ஸ்க் ஹைட்ரோ 1905இல் தொடங்கிய நிறுவனம், அன்று அதில் கிட்டத்தட்ட 44 வீதம் அரசுக்குச் சொந்தம். அதன் உயர் அதிகாரிகளுக்கு ஒப்ஷன் கொடுக்கப்பட்டிருந்தது. ஒப்ஷன் என்றால் இன்றைய விலைக்கு நாளை பங்கு வாங்கும் உரிமை. இன்று 100 குரோனர் விற்கும் பங்கு மூன்று வருடத்தில் 180 ஆனால், உங்கள் பையில் 80 சும்மா விழும். விலை ஏன் ஏறியது, நீங்கள் கெட்டிக்காரரா அல்லது உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதா என்று ஒப்ஷன் கேட்காது.

2006 டிசம்பரில், ஹைட்ரோவின் எண்ணெய்ப் பிரிவு ஸ்டாட்டொயிலுடன் இணையும் என்று அறிவித்தார்கள். பங்கு விலை ஏறியது. அடுத்த வருடம் கோடையில், எண்ணெய்ப் பிரிவு போகிறது என்பதால் ஒப்ஷன் திட்டத்தை முன்கூட்டியே முடித்துப் பணமாகக் கொடுக்கப் பணிப்பாளர் சபை தீர்மானித்தது. ஏறத்தாழ 35 பேருக்குச் சுமார் 210 மில்லியன் குரோனர். தலைவர் ஐவின் ரைட்டனுக்கு மட்டும் ஏறத்தாழ 28 மில்லியன். அரசு பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒப்ஷன் வேண்டாம் என்று அரசு ஏற்கெனவே தன் கொள்கையில் எழுதியிருந்தது.

கோபம் வந்தது. கோபம் முழுவதும் ரைட்டன் மேல்தான், பத்திரிகையில் அவருடைய படம்தான். ஆனால் அந்தக் காசோலையை அவர் தனக்குத் தானே எழுதவில்லை. எழுதியது சபை. வர்த்தகக் கைத்தொழில் அமைச்சர் டாக் தெர்யெ அண்டர்சன் கேள்வி கேட்டது சபையின் தலைவர் யான் ரைனோஸிடம். ஓகஸ்டில் ரைனோஸ் பதவி விலகினார். ரைட்டன் பதவியில் தொடர்ந்தார்.

முதன்முறை இதைப் படித்தபோது பணத்தை எடுத்தவர் இருக்கிறார், கொடுத்தவர் போய்விட்டார், இது என்ன நியாயம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. கேட்டு வாங்குவது மனித இயல்பு, எவ்வளவு கொடுத்தாலும் சிலர் வாங்குவார்கள். 'இல்லை' என்று சொல்வதற்காகவே சம்பளம் கொடுத்து ஒரு சபையை உட்கார வைத்திருக்கிறோம். சபை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் அதைச் சொல்லும் அதிகாரம் இல்லை.

இனி 2020க்குத் திரும்பலாம், ஆனால் அதற்கு முன் இருநூறு வருடம் பின்னே போக வேண்டும்.

1814இல் நோர்வே தன் அரசியலமைப்பை எழுதியபோது நாட்டில் காகிதப் பணம் குப்பை மாதிரி. போரும் பணவீக்கமும் அதை அப்படி ஆக்கியிருந்தன. நம்பக்கூடிய பணம் வேண்டுமென்றால் வெள்ளி வேண்டும். 1816இல் மத்திய வங்கி தொடங்கப் பாராளுமன்றம் சட்டம் போட்டு, விரும்பியவர்கள் பங்கு வாங்கலாம் என்றது. விரும்பியவர்கள் போதவில்லை. எனவே வரி. 'சொல்வ்ஸ்காத்', வெள்ளி வரி. வசதியுள்ள வீடுகளின் கரண்டிகளும் குவளைகளும் உருகின. கொடுத்தவர்களுக்குப் பதிலுக்கு வங்கியின் பங்கு கிடைத்தது. அதாவது நோர்வே மத்திய வங்கியின் முதல் உரிமையாளர்களில் பெரும்பாலானோர் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள், கரண்டியைப் பறிகொடுத்த கோபத்தில் இருந்தவர்கள். தலைமையகம் துரொன்ஹைமில் இருந்தது. 1897இல்தான் கிறிஸ்தியானியாவுக்கு, அதாவது இன்றைய ஒஸ்லோவுக்கு, வந்தது. 1949இல் அரசு எல்லாப் பங்குகளையும் தன்னுடையதாக்கியது.

அப்படிப்பட்ட ஒரு வங்கியை நடத்துபவர்களை யார் பார்ப்பது? தொடக்கத்திலிருந்தே அதற்கென்று ஒரு சபை இருந்தது: ரெப்ரெசென்தான்ட்ஸ்காப், தமிழில் மேற்பார்வைச் சபை என்று வைத்துக்கொள்வோம். இன்று அதில் 15 பேர். பாராளுமன்றம் தெரிவு செய்கிறது. வங்கியை நடத்துவது அவர்கள் வேலை அல்ல. நடத்துபவர்கள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்த்துப் பாராளுமன்றத்துக்கு எழுதுவதுதான் வேலை. 2020 வரை இந்தச் சபையின் பெயரை ஒஸ்லோவில் சாதாரண ஆட்களுக்குத் தெரிந்திருக்காது. அரசியலில் இருந்து ஒதுங்கியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதைக்குரிய நாற்காலி என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள்.

அந்த வருடம் அதன் தலைவராக இருந்தவர் யூலி ப்ரொட்கொர்ப். ஹொய்ரெ கட்சிக்காரர், பிரதமர் ஆர்னா சூல்பேர்கின் அலுவலகத்தில் முன்பு பணியாற்றியவர். நிதியமைச்சர் யான் தூரெ சன்னரும் அதே கட்சி. எனவே அவர் வாய் திறப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அவர் திறந்தார்.

மேற்பார்வைச் சபை எடுத்த கேள்விகள் ஸ்டிங்கைப் பற்றியவை அல்ல. வங்கியின் பணிப்பாளர் சபையைப் பற்றியவை. அதன் தலைவர் மத்திய வங்கி ஆளுநர் ஓய்ஸ்தைன் ஊல்சன்.

முதல் கேள்வி பட்டியல். நீங்கள் கொம்யூனில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தால் உங்கள் பெயர் விண்ணப்பதாரர் பட்டியலில் வெளியாகலாம் என்பது தெரிந்திருக்கும். யார் போட்டியிட்டார்கள் என்று மக்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்த விதி. எண்ணெய் நிதியத் தலைவர் பதவிக்கும் பட்டியல் வெளியானது. அதில் தாங்கெனின் பெயர் இருக்கவில்லை. வேலை கிடைத்தபோதுதான் அவரும் போட்டியில் இருந்தார் என்று நாடு அறிந்தது.

இரண்டாவது, இதுதான் பெரியது. தாங்கெனுக்கு ஏகேஓவில் பங்கு இருந்தது, அவருடைய செல்வம் பல நிதிகளில் இருந்தது, அவற்றில் சில கேமன் தீவுகள் போன்ற குறைந்த வரி இடங்களில் பதிவானவை. அன்று உலகில் 9,000க்கு மேற்பட்ட நிறுவனங்களில் பங்கு வைத்திருந்த நிதியம் இது. நிறுவனங்கள் வரி விடயத்தில் ஒளிவுமறைவில்லாமல் நடக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கும் நிதியமும் இதுவே. அதன் தலைவர் காலையில் நிதியத்துக்காக ஒரு முடிவெடுத்தால், மாலையில் அவருடைய சொந்தப் பணம் அதனால் கூடலாம், குறையலாம். மே மாத இறுதியில் வங்கி அவருடன் ஒப்பந்தம் செய்தபோது, ஏகேஓவில் அவருடைய பங்கின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் போதும், மீதியைத் தனக்குத் தெரியாத வகையில் வேறொருவர் நிர்வகித்தால் போதும் என்றார்கள். மேற்பார்வைச் சபை அது போதாது என்றது. ஜூனில் பாராளுமன்றத்துக்குக் கடுமையான கடிதம் ஒன்று போனது.

நிதியமைச்சரின் பதில்: நியமனம் வங்கியின் பொறுப்பு, அதில் தலையிடுவது என் வேலை அல்ல. பணிப்பாளர் சபையின் பதில்: எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தோம், அவரே பொருத்தமானவர். இரண்டுமே கேட்க நியாயமானவை. மத்திய வங்கி அரசியல்வாதிகளின் கையில் ஆடக் கூடாது என்பது நல்ல கொள்கை, அதை உடைத்தால் என்னவாகும் என்று இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் சுதந்திரம் என்பது கேள்வி கேட்கப்படாத உரிமை என்று ஒரு சபை நினைக்கத் தொடங்கினால் அதுவும் ஆபத்து. அந்தக் கோடையில் இந்த இரண்டு நியாயங்களும் நேருக்கு நேர் மோதின.

ஓகஸ்ட் 10 அன்று பாராளுமன்றத்தின் நிதிக் குழு பகிரங்க விசாரணை வைத்தது. நாடு விடுமுறையிலிருந்து திரும்பியும் திரும்பாமலும் இருந்த நேரம். ஊல்சன், ப்ரொட்கொர்ப், சன்னர் எல்லாரும் பதில் சொன்னார்கள், நேரடி ஒளிபரப்பில். நான் வேலை செய்துகொண்டே ஒரு காதில் கேட்டேன், மதியத்துக்குப் பிறகு வேலை நின்றுபோனது. நிதிக் குழு கடைசியில் மேற்பார்வைச் சபையின் பக்கம் நின்றது: தனிப்பட்ட முதலீட்டுக்கும் பதவிக்கும் நடுவே முரண்பாடு வர இடமிருக்கக் கூடாது என்றது. ஓகஸ்ட் 24 அன்று தீர்வு அறிவிக்கப்பட்டது. தாங்கென் ஏகேஓவில் தனக்கிருந்த பங்கு முழுவதையும் தன் அறக்கட்டளைக்குக் கொடுத்தார், மற்ற முதலீடுகளை விற்றுச் சாதாரண வங்கிக் கணக்கில் போட ஒப்புக்கொண்டார். செப்டெம்பர் 1 அன்று வேலையைத் தொடங்கினார்.

தாங்கெனுக்காக ஒன்று சொல்ல வேண்டும். விருந்து வைத்த நாளில் அவர் எந்தப் பதவியிலும் இல்லை, அவர் மீறிய விதி எதுவும் இல்லை. ஒரு வேலைக்காகத் தான் கட்டிய நிறுவனத்தை முழுதாக விட்டுக்கொடுக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? மார்ச்சிலேயே கேட்டிருந்தால் அவர் மார்ச்சிலேயே ஓம் என்று சொல்லியிருக்கவும் கூடும். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பதுதான் அந்த ஐந்து மாதத்தின் கதை. ஊல்சன் பதவியில் தொடர்ந்து 2022இல் ஓய்வு பெற்றார். 2007 மாதிரி இம்முறை சபையிலிருந்து யாரும் போகவில்லை. என் கருத்தில் ஒருவராவது போயிருக்க வேண்டும், நண்பர்களில் பலர் இதை ஏற்பதில்லை.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு, அது இன்னும் சுவையானது.

எண்ணெய் நிதியம் தன் பங்குகளைக் கொண்டு மற்ற நிறுவனங்களின் கூட்டங்களில் வாக்களிக்கிறது. தலைவர்களின் சம்பளம் எப்படி இருக்க வேண்டும் என்று 2017இலேயே தன் நிலைப்பாட்டை வெளியிட்டது: சம்பளத்தின் பெரும்பகுதி பங்காக இருக்கட்டும், அந்தப் பங்கை ஐந்து முதல் பத்து வருடம் விற்க முடியாமல் இருக்கட்டும், மொத்தம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியட்டும். ஹைட்ரோ கதையைப் படித்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

டெஸ்லாவின் சபை ஈலோன் மஸ்குக்கு 2018இல் கொடுத்த சம்பளத் திட்டம் ஏறத்தாழ 56 பில்லியன் டொலர் பெறுமதியானது. 2024 ஜனவரியில் டெலவேர் நீதிபதி கத்தலீன் மெக்கார்மிக் அதை ரத்துச் செய்தார். காரணங்களில் ஒன்று, சபையில் இருந்தவர்கள் மஸ்குக்கு மிக நெருக்கமானவர்கள், உண்மையில் பேரம் பேசவேயில்லை என்பது. அந்தத் தீர்ப்பு பிறகு மேல் நீதிமன்றம் போனது. அந்த ஜூனில் டெஸ்லா திட்டத்தைத் திரும்பவும் பங்குதாரர்களின் வாக்குக்கு விட்டது. தாங்கெனின் தலைமையில் எண்ணெய் நிதியம் எதிர்த்து வாக்களித்தது. திட்டம் வென்றது.

ஒக்டோபரில் தாங்கென் மஸ்கை ஒஸ்லோவுக்கு ஒரு விருந்துக்கு அழைத்துக் குறுஞ்செய்தி அனுப்பினார். மஸ்க் வரவில்லை. நான் உன்னிடம் உதவி கேட்பது மிக அரிது, கேட்டபோது நீ இல்லை என்றாய், அதைச் சரிசெய்யும் வரை என்னிடம் எதுவும் கேட்காதே என்ற பொருளில் பதில் எழுதினார். உலகின் மிகப் பெரிய பணக்காரரும் கொப்பி வைத்திருக்கிறார். அவருடைய கணக்கில் எண்ணெய் நிதியத்தின் வாக்கு ஒரு நண்பர் இன்னொரு நண்பருக்குச் செய்யும் உதவி.

2025 நவம்பரில் டெஸ்லாவின் சபை இன்னும் பெரியதைக் கொண்டு வந்தது, எல்லா இலக்கையும் எட்டினால் ஒரு ட்ரில்லியன் டொலர் வரை போகக்கூடிய திட்டம். நிதியம் மறுபடியும் எதிர்த்து வாக்களித்தது. வாக்களித்த பங்குகளில் முக்கால் பங்குக்கு மேல் ஆதரவு, திட்டம் வென்றது.

அந்தக் குறுஞ்செய்திகள் எப்படி வெளியே வந்தன என்று கேட்பீர்கள். ஒரு நோர்வே பத்திரிகை 'இன்சீன்' கேட்டது, அதாவது தகவல் அறியும் உரிமையில் விண்ணப்பித்தது, வங்கி கொடுத்தது. அந்த உரிமைக்குப் பத்திரிகையாளராக இருக்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதுமில்லை. நிதியத்தின் வாக்குகளோ கேட்காமலே கிடைக்கும். 2021 முதல் ஒவ்வொரு நிறுவனத்தின் கூட்டத்துக்கும் ஐந்து நாள் முன்பே எப்படி வாக்களிக்கப் போகிறோம் என்று தன் இணையதளத்தில் போடுகிறார்கள், எதிர்த்தால் காரணத்தோடு. உங்கள் கையில் இருக்கும் கைபேசியைச் செய்த கொம்பனியின் பெயரை அதில் தட்டிப் பாருங்கள்.